பிளக் ஒயரில் பாட்டு நம்பர்

டீச்சர் வீட்டுக் கோழிகளுக்கு நம்பர் உண்டு. ஒவ்வொன்றின் காலிலும் ஒரு துணிப்பட்டை, அதில் மார்க்கிங் இங்க்கில் ஓர் எண். "ஏழு இன்னைக்கும் முட்டை போடல" என்று காலையில் வேலிக்கு அந்தப்புறமிருந்து குரல் வரும். ஏழாம் நம்பர் எங்கள் தோட்டத்துக் கத்தரிச் செடிக்கு அடியில் முட்டை போட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் ஒரு மாதம் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. வேலியைத் தாண்டி வந்து அந்தக் கத்தரிச் செடிக்கும் ஒரு நம்பர் போட்டுவிட்டுப் போனார்.

டீச்சருக்குப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. சேலையூரைத் தாண்டி மேடவாக்கம் போகும் ரோட்டில் எங்கள் இரண்டு வீடுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வாரநாட்களில் ஆரம்பப் பள்ளியில் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன். நாற்பத்தைந்து வயது, நல்ல உயரம், கல்யாணம் ஆகாதவர். மூக்குக் கண்ணாடியை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். அந்தக் கயிற்றிலும் ஒரு சின்ன அட்டை தொங்கும். அதில் 'கண்ணாடி 2' என்று இருக்கும். கண்ணாடி 1 எங்கே என்று கேட்டால் மட்டும் அவருக்குப் பிடிக்காது.

இவ்வளவு நம்பர் எதற்கு என்றால், டீச்சருக்குத் தம் ஞாபகத்தின் மேல் காலணா நம்பிக்கை கிடையாது. அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு சனிக்கிழமை பிக்கப்பை ஓட்டிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனவர், காய்கறிப் பையோடு பஸ்ஸில் திரும்பி வந்தார். சாயங்காலம் வாசலுக்கு வந்து பார்த்து, "ஐயோ, வண்டியைக் காணோம்!" என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். எதிர்வீட்டு மாமிதான், "டீச்சர், நீங்க பஸ்ஸில்னா வந்து இறங்கினேள்" என்றார். டீச்சர் ஒரு நிமிஷம் மாமியையே பார்த்தார். பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அந்த பிக்கப் அவருடைய தகப்பனார் விட்டுப்போனது. அவர் கோழித்தீவனம் ஏற்றுவதற்காகப் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. பச்சை நிறம். முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் எத்தனை பேர் என்பது ஏறுகிறவர்களின் துணிச்சலைப் பொறுத்தது. தகப்பனார் காலமானதும் எல்லோரும் விற்றுவிடச் சொன்னார்கள். டீச்சர் ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் புடவை கட்டிய பெண்மணி ஒருவர் பட்டாளத்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் தாம்பரம் சானடோரியம் வரைக்கும் தலைகள் திரும்பும். அவர் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார். மைல் கல்லை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை எதிர்வீட்டு மாமி தம் உறவுக்காரர்கள் எல்லோரையும் திருநீர்மலைக்கு அழைத்துப்போக ஆசைப்பட்டார். டீச்சர்தான் வண்டி. நானும் வேடிக்கை பார்க்கக் கூடப் போனேன். மலையடிவாரத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியேறினார்கள். டீச்சர் கீழேயே இருந்துவிட்டார். இருபது ஜோடிச் செருப்பு சிதறிக் கிடந்தால் அவருக்குக் கை சும்மா இருக்குமா? பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் நம்பர் போட்டு வரிசையாக வைத்தார். அதைப் பார்த்த வேறொரு குடும்பம் தங்கள் செருப்பையும் அவர் முன்னால் விட்டுவிட்டுப் போயிற்று. அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று போட்டார். நாங்கள் கீழே இறங்கி வந்தபோது டீச்சரைச் சுற்றி நூறு ஜோடிச் செருப்பு. மாமி பதறிப்போய், "கிளம்பலாமே டீச்சர்" என்றார். "எப்படி மாமி? எண்பத்திமூணு இன்னும் இறங்கலையே" என்றார் டீச்சர். எண்பத்திமூன்று இறங்கிவர ஒரு மணிநேரம் ஆயிற்று. ஏறும்போதே முழங்கால் பிடித்துக்கொண்ட ஒரு கிழவர் அவர். டீச்சர் செருப்பைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

கோயிலில் எங்கள் கொயரிலும் அதே கதைதான். பாடுகிறவர்கள் பத்துப் பேருக்கும் நம்பர். நான் ஆறு. "ஆறு, வாயைத் திறந்து பாடும்மா." "மூணு, நீ கொஞ்சம் மூடிக்கிட்டே பாடு." எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒருநாள் ரோஷம் வந்து, "எனக்குப் பேர் இருக்கு டீச்சர்" என்றேன். "இருக்கு. நான் மறந்து வேற பேர் சொல்லிட்டா உனக்குக் கோபம் வரும். ஆறுன்னா தப்பாது" என்றார்.  எத்தனையோ வருஷமாக வாசிக்கிற பாட்டுகளைக்கூட, சுவரில் அன்றைய பாட்டுகளின் எண்களை மாட்டியிருக்கும் பலகையைப் பார்த்து, அந்த எண்ணைப் புத்தகத்தில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் வாசிப்பார். எல்லோருக்கும் மனப்பாடமான கிறிஸ்துமஸ் பாட்டுக்கும் அப்படித்தான்.

பிக்கப் இஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற பிளக்குகளை மாற்றுவது அவர் வீட்டில் ஒரு சடங்கு. மழைக்கு முன்னால் ஒருமுறை, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களுக்கு முன்னால் ஒருமுறை. வாசலில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, கிழிந்துபோன பழைய கொயர் அங்கியைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொள்வார். வெள்ளை அங்கி அது. முன்னால் முழுக்க ஆயில் கறை. ரோட்டில் போகிறவர்களுக்குத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பாதிரியார் வண்டிக்கு ஜெபம் பண்ணுவது மாதிரி இருக்கும். நாலு பிளக்குகளிலிருந்தும் ஒயரைப் பிடுங்குவார். ஒவ்வொரு ஒயரிலும் நம்பர் கட்டுவார். பிறகு நாலு பிளக்கையும் ஸ்பேனர் போட்டுக் கழற்றி, ஒரு தட்டில் வரிசையாக வைத்துப் பார்ப்பார். எது கரி பிடித்திருக்கிறது, எது சாம்பல் பூத்திருக்கிறது என்று பார்த்தால் வண்டியின் வயிற்றில் என்ன கோளாறு என்று தெரிந்துவிடுமாம். புது பிளக்கின் நுனியில் இருக்கும் இடைவெளியைத் தபால் கார்டை நுழைத்துச் சரிபார்ப்பார்.

மேற்குத் தாம்பரத்தில் மெக்கானிக் பாய் ஒருவர் இருந்தார். வண்டியின் பெரிய வியாதிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். டீச்சர் பிளக் மாற்றுகிற லட்சணத்தை ஒருமுறை நேரிலேயே பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா டீச்சர் இது? ஒண்ணு கழட்டு, ஒண்ணு மாட்டு. அப்பால அடுத்தது. நம்பரே வாணாம்."

"நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தானே பாய் வித்தியாசம் தெரியும்?"

"அத்த மாட்டினப்புறம் பாத்துக்கினா போச்சு. ஒயரு மாறிச்சுன்னா பேஜாரு. நெருப்பு வர வேண்டிய நேரத்துல வராம, வேற நேரத்துல வந்து டமால்னு ஒதைக்கும். ஒயரையும் ஒரே அளவா வெட்டி வச்சிகிறீங்க. கம்பெனி ஒயருன்னா ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை. அதது அங்கங்கதான் எட்டும். தப்பே வராது."

"குட்டையும் நெட்டையுமா இருந்தா பார்க்க நல்லா இல்ல பாய். அதான் நம்பர் போடறேனே. நம்பர் தப்பாது."

பாய் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

என் கல்யாணம் அறுபதுகளின் கடைசியில், லெந்து தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை நடக்க வேண்டியது. அடுத்த புதன்கிழமை சாம்பல் புதன். அதற்கப்புறம் ஈஸ்டர் வரைக்கும் எங்கள் கோயிலில் யாருக்கும் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளைக்கு வடக்கே ஓர் உருக்காலையில் வேலை, லீவு அடுத்த வாரத்தோடு முடிகிறது. இதற்கு முன்னால் ஒருமுறை அப்பாவுக்கு டைபாய்டு வந்து இந்தக் கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. இன்னொரு தடவை தள்ளினால் வேறு பெண் பார்த்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளையின் அத்தை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. இதை இப்போது சொல்ல வெட்கமில்லை. அன்று அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆராதனை பத்து மணிக்கு. போதகர் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பதினொன்றுக்கு மேல் அவர் செங்கல்பட்டுப் பக்கம் இன்னொரு கல்யாணத்துக்கு ரயிலேற வேண்டும். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப்போவது டீச்சரின் பிக்கப். ஆர்கன் வாசிப்பது டீச்சர். ஆக, பெண்ணும் பாட்டும் ஒரே வண்டியில்.

அன்று காலை ஏழு மணிக்கு ஜன்னல் வழியே பார்க்கிறேன், டீச்சர் கொயர் அங்கியோடு பானெட்டுக்குள் குனிந்திருக்கிறார். அவிழ்ந்த தலையோடு வாசலுக்கு ஓடினேன்.

"டீச்சர், இன்னைக்கா?"

"கல்யாணப் பொண்ணு போற வண்டி முக்கி முனகிக்கிட்டுப் போகலாமா? அரைமணி வேலைம்மா. நீ போய்த் தலை சீவு."

ஒயரில் கட்ட அவர் அன்று எடுத்தது காகிதத் துண்டு அல்ல. கோயில் பலகையில் மாட்டுகிற எண்கள் எல்லாம் அந்த வாரம் அவர் வீட்டில் இருந்தன. சின்னச் சின்னத் தகரச் சதுரங்கள், மேலே ஒரு துளை. வருஷா வருஷம் லெந்துக்கு முன்னால் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, மேலே வெள்ளையில் எண் எழுதுவார். கல்யாணத்தன்று காலையில் கொண்டுபோய் மாட்டிவிடுவதாக ஏற்பாடு. துளையோடு இருக்கிற தகரத்தைவிட ஒயரில் கட்டத் தோதான பொருள் வேறு என்ன? நூலில் கோத்து 1, 2, 3, 4 என்று தொங்கவிட்டுவிட்டார். மிச்சமிருந்த பச்சைப் பெயிண்ட்டை வீணாக்க மனசில்லாமல் வண்டியின் ஒரு மட்கார்டில் இருந்த கீறலுக்கும் முந்தினநாள் பூசியிருந்தார்.

பழைய பிளக் நாலும் தட்டுக்கு வந்த சமயம் பார்த்து என் தலையிலிருந்த நெட் சரிந்தது. எங்கள் கல்யாணங்களில் பெண் தலையில் போடுகிற வெள்ளை வலை. அதை நிற்கவைக்க எங்கள் தெருவில் டீச்சரை விட்டால் ஆள் கிடையாது. அம்மா ஓடிப்போய்க் கூப்பிட்டாள். டீச்சர் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். பன்னிரண்டு கொண்டை ஊசி குத்தினார். குத்தும்போது எண்ணிக்கொண்டே குத்தினார்.

அவர் திரும்பிப் போனபோது, அவர் நின்ற பக்கத்தில் சமையல்காரர்கள் விறகை இறக்கி, பிரியாணி அண்டாவுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். டீச்சர் அங்கியை மறுபடி மாட்டி, சுற்றிக்கொண்டு வண்டியின் மறுபக்கம் போனார். அந்த இஞ்சினில் நாலு பிளக்கும் தலைமேல் ஒரே வரிசையில் நிற்கும், எந்தப் பக்கத்திலிருந்து குனிந்தாலும் கை எட்டும். புது பிளக்குகளை முறுக்கினார். ஒயரை மாட்டினார். பானெட்டை மூடினார். எல்லாம் எட்டரை மணிக்குள் முடிந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு நான் முன் சீட்டில் ஏறினேன். அம்மாவும் சித்திகளும் பின்னால் ஜமக்காளத்தில். டீச்சர் செல்ஃபை அழுத்தினார்.

டமால்!

கோழிகள் ஒன்று முதல் பதினான்கு வரை எங்கள் வீட்டுக் கூரைக்குப் போயின. பிரியாணிக்காரர் கரண்டியைப் போட்டுவிட்டார். டீச்சர் மறுபடி அழுத்தினார். இன்னொரு டமால், கூடவே கறுப்புப் புகை. என் சித்தி ஒருத்தி, "யேசப்பா!" என்று வண்டியிலிருந்து குதித்தேவிட்டாள்.

ஒன்பதேகால். டீச்சர் பானெட்டைத் திறந்து, ஒயர்களைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சரியாத்தானே இருக்கு" என்றார். மறுபடி செல்ஃப். மறுபடி டமால். ஒன்பதரை. பாய்க்குச் சொல்லி அனுப்பலாமென்றால், அவர் கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலில் போய்க் காத்திருப்பார். அடுத்த பஸ் பத்தரைக்கு. அப்பா ரோட்டுக்கு ஓடினார். கால்மணி கழித்து ஒரு வைக்கோல் வண்டியோடு வந்தார்.

"இதுலயா? பட்டுப் புடவையோட இதுல ஏறினா எம்பொண்ணு வைக்கப்போர் மாதிரி போய் இறங்குவா" என்றாள் அம்மா.

"கல்யாணமே இல்லாம போறதுக்கு வைக்கப்போர் தேவலை" என்றார் அப்பா.  மாப்பிள்ளையின் அத்தை சொன்னது அவருக்கும் ஞாபகம் இருந்தது.

மாட்டு வண்டி கோயிலுக்குப் போய்ச்சேர ஒன்றரை மணிநேரம் ஆகும். எல்லோருக்கும் அது தெரியும். டீச்சர் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"எல்லாம் நம்பர்படிதான் மாட்டினேன்மா. ஒருவேளை நம்பரையே மறந்து மாத்திக் கட்டிட்டேனோ என்னமோ. என் புத்தியே இப்படித்தான். உன் கல்யாணத்தை நானே..." 

எனக்கு அழுகை முட்டியது. அழுதால் மை கலையும் என்று தலையைக் குனிந்தேன். அப்போதுதான் என் கண்ணுக்கு நேரே அவருடைய அங்கி. ஆயில் கறைகளுக்கு நடுவே, வயிற்றுக்குக் குறுக்காக, ஒரு பச்சைப் பட்டை. புதுப் பச்சை.

"டீச்சர், இந்தப் பெயிண்ட் எப்போ ஒட்டிச்சு?"

"காலையில. மட்கார்டு ஈரமா இருந்தது. இப்ப எதுக்கும்மா அது?"

நான் வண்டியை விட்டு இறங்கி, டீச்சரோடு பானெட்டருகே போனேன். பச்சை பூசின மட்கார்டு இருந்தது பிரியாணி அடுப்புப் பக்கம். டீச்சர் இப்போது பானெட் திறந்து நின்றுகொண்டிருந்தது அதற்கு எதிர்ப்பக்கம். எனக்கு இஞ்சின் தெரியாது. ஆனால் துணியில் கறை எப்படிப் பட்டது என்று பார்க்கத் தெரியும்.

"ஒயர் கழட்டும்போது அந்தப் பக்கம் நின்னீங்க. மாட்டும்போது?"

"இந்தப் பக்கம். அங்கதான் அடுப்பு வச்சுட்டாங்களே."

"நம்பர் எங்கேயிருந்து போட்டீங்க?"

"எப்பவும்போல இடதுகைப் பக்கத்திலேருந்து..." என்று ஆரம்பித்தவர் இடது கையைத் தூக்கினார். பிறகு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் பார்த்தார். மெதுவாக வாயைப் பொத்திக்கொண்டார். அங்கே நின்றபோது இடதுகைப் பக்கம் இருந்தது ரேடியேட்டர். இங்கே நின்றால் இடதுகைப் பக்கம் இருப்பது ஸ்டியரிங். அவருடைய ஒன்று நாலாகிவிட்டது, நாலு ஒன்றாகிவிட்டது. நம்பர் தப்பவில்லை, டீச்சர் சொன்னது சரிதான். எங்கேயிருந்து எண்ணுவது என்பதை மட்டும் எந்த நம்பரும் சொல்லவில்லை.

ஒன்றையும் நாலையும் அவர் பிடுங்கினார். இரண்டையும் மூன்றையும் நான் பிடுங்கினேன், பட்டுப் புடவையும் நெட்டுமாக. அம்மா அலறியது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். நாலும் இடம் மாறி உட்கார்ந்தன. டீச்சர் ஓடிப்போய் செல்ஃபை அழுத்தினார். வண்டி ஒரு தும்மல் போட்டது. பிறகு, என்ன சொல்ல, பாடியது. புது பிளக் இல்லையா? அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்த வண்டி அவ்வளவு நன்றாக ஓடி நான் கேட்டதில்லை. அப்பா வைக்கோல் வண்டிக்காரரைக் கட்டிப்பிடித்து, சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லிவிட்டு, பின்னால் தாவி ஏறினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. டீச்சர் வாய்க்குள் பெட்டிகளை எண்ணினார். நாற்பத்தொன்று. நான் என் விரல்களைப் பார்த்தேன். பத்தும் கறுப்பு.

நாங்கள் போய் இறங்கியபோது பத்தேகால் தாண்டிவிட்டது. போதகர் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை அவர் பக்கத்தில். மாப்பிள்ளை ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். என் கையைப் பார்த்தார். ஜேபியிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

டீச்சர் அங்கியைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே ஆர்கனில் போய் உட்கார்ந்தார். பழக்கம்போலத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். பலகை காலி. ஒரே ஓர் எண்கூட இல்லை. நாலு தகரங்கள் பிக்கப்பின் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தன. மற்றவை வீட்டில் பிஸ்கட் டின்னில் இருந்தன. எந்தப் பாட்டுகள் என்று எண் எழுதிவைத்த சீட்டும் அந்த டின்னுக்குள்ளேயே இருந்தது.

கோயில் முழுக்கக் காத்திருந்தது. போதகர் தொண்டையைக் கனைத்தார். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? கறுப்பு விரல்களைத் தூக்கிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு புத்தகத்தை மூடி வைத்தார். கண்ணாடி 2-ஐக் கழற்றிக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

மூன்று பாட்டு, முழுதாக, ஒரு சுரம் பிசகாமல். நான் அவரிடம் எப்போதோ ஒருமுறை வேலியோரம், என் கல்யாணத்துக்கு இன்னின்ன பாட்டு வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதே மூன்று, அதே வரிசையில். வாசித்துக்கொண்டே அவரும் பாடினார். எண்ணும் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்த வரையில் அவர் பாடி யாரும் கேட்டதில்லை. அவருடைய குரல் அவ்வளவு நன்றாக இருக்காது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை. மை கலைந்தது, கலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டைவிரல் தடம் பதிந்தது. போதகர் ஊதிப் பார்த்தார், போகவில்லை. அவர் ரயிலைப் பிடித்துவிட்டார். வெளியே வந்தால் மெக்கானிக் பாய் வெள்ளைச் சட்டையோடு பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், இஞ்சினுக்கும் பாட்டு நம்பரு குடுத்துகிறீங்க? எத்தினியாவது பாட்டு பாடிச்சு?"

"பேசாதீங்க பாய். வாங்க, பிரியாணி ஆறிடும்" என்றார் டீச்சர்.

அடுத்த வியாழக்கிழமை நாங்கள் வடக்கே கிளம்பினோம். அந்த நாலு நாளில் டீச்சர் தம் வீட்டிலிருந்த நம்பர்கள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு முடித்திருந்தார். எங்கேயிருந்து எண்ணுவது என்று தெரியவேண்டுமாம். கோழிகளின் கால்பட்டையில்கூட அம்பு இருந்தது. அது எந்தத் திசையைக் காட்டுகிறது என்று கோழிக்கே தெரியாது.

தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் அதே பிக்கப்பில் கொண்டுவந்து விட்டார். சாமான் ஐந்து. இரண்டு டிரங்குப் பெட்டி, படுக்கை, ஒரு கூடை, ஒரு மண்பானை. எல்லாவற்றிலும் அட்டை கட்டி, எண்ணும் அம்பும் போட்டிருந்தார். மின்சார ரயில் வந்து நின்றதும் அவரே எண்ணி ஏற்றினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. சரியா இருக்கு. இறங்கறப்ப எண்ணிக்கோ."

 அழாமல் இருக்க ஏதாவது கிண்டல் பண்ணவேண்டும் போலிருந்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். விரல் நுனிகளில் இன்னும் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருந்தது.

"டீச்சர், ஆறாவதா நான்தானே? எனக்கு ஒரு அட்டை கட்டலையா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு வைத்தார்.

"மறந்து போற சாமானுக்குத்தான் அட்டை, கிரேஸு" என்றார்.